எதிர்க் கேமரா

ஆண்பிள்ளைகள் நாலு காலில் தவழ்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள் நான். சிரிக்க வேண்டாம், என் உத்தியோகத்தில் பாதி அதுதான். எங்கள் சரணாலயத்தில் மரத்துக்கு மரம் கேமரா கட்டியிருக்கிறோம். முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படமெடுத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி. பேட்டரி மாற்றும்போதெல்லாம் அது சிறுத்தை உயரத்துக்குச் சரியாக எடுக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அங்கே சிறுத்தைக்கு எங்கே போவது? கட்டுகிறவனே முட்டி தேயத் தவழ்ந்து போவான். போய், முகத்தைத் திருப்பி, சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். வேலை செய்கிறது என்று அர்த்தம். அலுவலகத்தில் உட்கார்ந்து படங்களைப் பிரிக்கிற எனக்காக வைத்த சமிக்ஞை அது.

கேமராவிலிருந்து கழற்றி வரும் ஒரு மெமரி கார்டில் முக்கால்வாசி காற்றில் ஆடிய புல்லாக இருக்கும். மிச்சத்தில் பாதி குரங்கின் பின்பக்கம். அதையெல்லாம் கண் எரிய எரியப் பார்த்துத் தள்ளிவிட்டு, உருப்படியானதைப் பொறுக்கிப் பெரிய சார் மேஜைக்கு அனுப்ப வேண்டும். நான் உட்காரும் அறையில்தான் வாடை பாட்டில்களும் இருக்கின்றன. விலங்குகளைக் கேமரா பக்கம் இழுப்பதற்காக மீன் எண்ணெயில் அழுகின முட்டையைக் கலந்து ஊறவைத்த கருமம். அலமாரியைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள், நாற்றத்துக்கு எந்தப் பூட்டு தடை? அந்த வாடைக்கு விலங்கு வருகிறதோ இல்லையோ, எனக்கு மதியச் சோறு தொண்டையில் இறங்கினதில்லை.

கேமரா கட்டும் ஆட்களில் கெட்டிக்காரன் என் தம்பி. கூடப் பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் தவழ்ந்தால் நிஜமாகவே ஒரு மிருகம் போவது போல இருக்கும். தோள் தாழ்ந்து, தலை ஆடாமல், அத்தனை நிதானமாகப் போவான். அலுவலகத்தில் அவனுக்கு 'நாலுகால்' என்றே பெயர். என் வீட்டில்தான் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "நாலுகாலுக்கு யாருக்கா பொண்ணு குடுப்பா?" என்று அவனே சிரிப்பான்.

இனி சீமாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காட்டில் மிச்சமிருந்த ஒரே பெண் சிறுத்தை. அவளை நேரில் பார்த்தவர் யாரும் கிடையாது, கேமரா மட்டும்தான் பார்த்தது. சிறுத்தைக்குச் சிறுத்தை உடம்புப் புள்ளி வேறுபடும், நம் கைரேகை மாதிரி. இவளுக்கு இடது விலாவில் மூன்று வட்டங்கள் சங்கிலிக் கண்ணியாகக் கோத்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் சொல்வேன். எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட அவள் கேமராவைத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தத் திமிருக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். சீமாட்டி என்று பெயர் வைத்தவளும் நான்தான்.

அவள் பாறை இடுக்கில் இரண்டு குட்டி போட்டிருந்தாள். மூத்தது முரடு, சின்னது அம்மாவின் வாலையே பிடித்துக்கொண்டு திரியும். இடுக்குக்குப் போகிற தடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கேமரா கட்டினோம். இடது விலாவை ஒன்று எடுக்கும், வலது விலாவை எதிர்க் கேமரா எடுக்கும். இது கேமரா கட்டுகிற யாருக்கும் தெரிந்த பால பாடம். பெரிய சாருக்குத்தான் தெரியாது. சரணாலயத்தின் இயக்குநர் அவர். ஆனால் அந்தப் பாறையில் ஏறினவர் இல்லை. மேஜைக்கு வந்து சேருகிற படம்தான் அவருக்குக் காடு.

திடீரென்று சீமாட்டி படத்தில் வருவது நின்றது. முதல் கார்டில் இல்லை, அடுத்ததிலும் இல்லை. குட்டிகள் மட்டும் பட்டப்பகலில் இடுக்கின் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தன. தாய் இருக்கிற குட்டி வெயிலில் அப்படி வந்து உட்காராது. அடுத்த கார்டில் விலா எலும்பு தெரிந்தது. அதற்கடுத்ததில் சின்னது மண்ணை நக்கிக்கொண்டிருந்தது. உடனே மிருக டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"தாய் இருந்தா நான் குட்டியைத் தொடவே முடியாதுங்க. அது சட்டம் மட்டுமில்ல, பாவமும்கூட. அது இரை தேடிட்டுத் திரும்பி வந்து குட்டியக் காணோம்னு தேடும்" என்றார். "அடுத்த கார்டு வரட்டும். அதுலயும் தாய் இல்லன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, கூண்டோட வந்துடறேன். இருந்துச்சுன்னா கிட்டயே போகாதீங்க."

ஆக, இரண்டு உயிரும் ஒரு படத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் பெரிய சார் அறைக்குப் போனேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். எலும்பு தெரியும் குட்டியின் படத்தை முன்னால் வைத்தேன். பிஸ்கட் ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவி, எடுத்து, வாயில் போட்டுக்கொண்டார். விரலையும் சப்பிக்கொண்டார். ஈர விரலாலேயே படத்தைத் தள்ளிவிட்டார்.

"தாய் வரும்மா. நீ ஏன் பதறுற?"

"சார், குட்டிங்க செத்துடும் சார்."

"அடுத்த வாரம் மேலிடத்துலேர்ந்து ஆய்வுக்கு வர்றாங்க. இந்த நேரத்துல தாயைக் காணோம், குட்டியத் தூக்குறோம்னு எழுதுனா என்ன ஆகும்? எங்கடா போச்சு தாய்னு நம்மளத்தான் குடைவாங்க. உனக்கு மட்டும்தான் இரக்கமா? எனக்கு மனசு கிடந்து அடிச்சுக்குது." அடித்துக்கொண்ட மனசோடு அடுத்த பிஸ்கட்டை எடுத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "இனிமே பாறைக் கேமரா கார்டு முதல்ல என் மேஜைக்கு வரட்டும். நானே பார்த்துட்டு உனக்கு அனுப்புறேன்" என்றார். இத்தனை காலம் இல்லாத அக்கறை எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டில் இன்னொரு கூத்து. சில நாளாகவே ஒரு வீச்சம். கழிவறையைக் கழுவினேன், சாக்கடைக் குழாயைக் கழுவினேன், போகவில்லை. தேடிப் பார்த்தால் தம்பியின் சட்டையில் அடிக்கிறது.

"டேய், அந்த வாடை பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வந்தியா?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன எழவுடா இது? எதாவது செத்ததுல உருண்டுட்டு வந்தியா?"

அவன் குளிக்கப் போய்விட்டான். காலையிலும் மாலையிலும் தோல் உரிகிற அளவுக்குச் சோப்புப் போட்டுக் குளித்தான். வெளியே வந்தால் அதே வாடை. தட்டில் சோற்றைப் போட்டால் அளைந்துவிட்டு எழுந்துபோனான். என்ன கேட்டாலும் கல்லுளிமங்கன் மாதிரி நின்றான். காதல் கீதல் ஏதாவதாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அலுவலக ஜீப்பின் முன்பக்கம் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்து நின்றதையும் பார்த்தேன். கல்லில் இடித்துவிட்டது என்றார்கள். சரி என்றேன்.

அடுத்த கார்டு பெரிய சார் மேஜைக்குப் போய், அவர் கையாலேயே எனக்கு வந்தது. ஜிலேபி விநியோகிக்காத குறைதான், அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில்.

"பாரும்மா, உன் மகாராணி வந்துட்டா."

அந்தி நேரத்துப் படம். வெளிச்சம் குறைந்தால் கேமரா கறுப்பு வெள்ளையில்தான் எடுக்கும். புல்லுக்கு நடுவே சிறுத்தையின் முதுகும் இடது விலாவும். தலை படத்துக்கு வெளியே போயிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வட்டம், சங்கிலிக் கண்ணி. சீமாட்டியேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன். படங்களின் எண் நடுவில் சில தாவியிருந்தது. கவனித்தேன், ஆனாலும் சந்தோஷத்தில் இருப்பவளுக்கு எண் எதற்கு? டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, தாய் வந்துவிட்டது, வர வேண்டாம் என்று சொன்னவள் நானேதான். அவர் என் கண்ணைத்தான் நம்பினார். பெரிய சாரும் என் கண்ணைத்தான் நம்பியிருந்தார், அது வேறு மாதிரி.

இரண்டு நாள் கழித்து, மற்ற கார்டுகளோடு எதிர்க் கேமராவின் கார்டும் வழக்கமான பையில் வந்தது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்டு வாங்குவார்? பெரிய சார் அன்று காலையிலேயே சீமாட்டியின் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வுக்கு முந்தைய மேலிடத்துக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். நான் கார்டைச் செருகினேன்.

அதே அந்தி, அதே புல். சிறுத்தைத் தோல் வருகிறது. தோல் என்றுதான் சொல்ல வேண்டும். வலது பக்கம் அது சரியாக எட்டவில்லை. அதற்குக் கீழே ஒரு மனிதனின் முழங்கால். அடுத்த படத்தில் ரப்பர் செருப்பின் அடிப்பாகம். தோள் தாழ்ந்து, ஆடாமல், நிதானமான நடை. அடுத்த படம் வந்தது. சிறுத்தையின் கழுத்துத் தோலுக்குள்ளிருந்து முகம் கேமராவைத் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்திலேயே கட்டைவிரல் உயர்ந்து நிற்கிறது. பழக்கம்! சிவப்பு விளக்கைக் கண்டால் கட்டைவிரலைத் தூக்கியே தீர வேண்டிய பழக்கம்.

அது என் தம்பி.

சீ என்று நாற்காலியைத் தள்ளினேன். ஆனாலும் கை அடுத்த படத்துக்குப் போய்விட்டது, போகாமல் இருந்திருக்கலாம். இரண்டு குட்டிகளும் இடுக்கிலிருந்து ஓடி வருகின்றன. அம்மா வந்துவிட்டாள் என்று ஓடி வருகின்றன. சின்னது அந்தத் தோலின் வயிற்றுக்கு அடியில் முகத்தைப் புதைத்திருக்கிறது. அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. முற்றத்துக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். வீட்டில் அடித்த வீச்சம் என்னவென்று அப்போதுதான் மூக்குக்குப் புரிந்தது. நான் துவைத்துக் காயப்போட்ட சட்டைகளில் இருந்தது அவளுடைய வாடை.

தம்பி ஜீப் கொட்டகையில் இருந்தான். மடிக்கணினியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"யாருடா இது?"

பார்த்தான். கீழே உட்கார்ந்துவிட்டான்.

"வாயத் தொறடா! யாரு அவளைக் கொன்னது?"

"பெரிய சாரோட மருமகன்தான்க்கா ஜீப்பை ஓட்டுனார். நான் பின்னாடி உக்காந்திருந்தேன். வளைவுல குறுக்க வந்துடுச்சு. இறங்கிப் பார்க்கறதுக்குள்ள மூச்சு போயிடுச்சு. வெளிய தெரிஞ்சா நீதான் ஓட்டுனேன்னு எழுதிடுவேன்னு பெரிய சார் சொன்னார். என்னைப் பொதைக்கச் சொன்னார். பொதைக்கறதுக்கு முன்னாடி தோலை உரிச்சு உப்புப் போட்டு வைக்கச் சொன்னார்."

"தோல் எதுக்குடா?"

"அவர் வீட்டு ஹாலுக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஆள் மறைத்ததோடு நில்லாமல், அதைத் தரையில் விரித்துக் கால் நீட்டப் பார்த்திருக்கிறார். இடையில் படம் தேவைப்பட்டதும், ஹாலுக்குப் போக இருந்த தோலை என் தம்பி முதுகில் போட்டு அனுப்பியிருக்கிறார். அவன் தலையும் காலும் தெரிந்த படங்களை உட்கார்ந்து பொறுமையாக அழித்துவிட்டு, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்து, 'உன் மகாராணி' என்று என்னிடமே நீட்டியிருக்கிறார்.

"எதிர்க் கேமரா இருக்குன்னு அவர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர் கேக்கல. நானும் சொல்லல."

"குட்டிங்க வந்துச்சே, அப்ப நீ என்னடா பண்ணின?"

"சின்னது விடலக்கா. அடியில பூந்து பால் தேடிச்சு. நான்... உதறிட்டு வந்துட்டேன்."

ஓங்கி அறைந்தேன். அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. தோளைப் பிடித்து எழுப்பினேன். "எந்திரி. அழுவறத அப்புறம் வச்சுக்கலாம். குட்டிங்க உசுரோட இருக்கான்னு பார்ப்போம்" என்றேன். அங்கேயே நின்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்தத் தோலையும் எடுத்துட்டு வாங்க. சாட்சி" என்று மட்டும் சொன்னார்.

மதியத்துக்கு மேல் வேனில் வந்து சேர்ந்தார். கூண்டும், பால் புட்டியும், தடித்த கையுறையும் கொண்டுவந்திருந்தார். தம்பி கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு சாக்கை எடுத்து வேனின் பின்னால் வைத்தான். வழியெல்லாம் அந்த நாற்றம். டாக்டரம்மா ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டார். எனக்கு அவன் பக்கத்தில் உட்காரவே கூசியது, ஆனால் வேறு இடம் இல்லை.

பாறை இடுக்கின் வாசலிலேயே சின்னது கிடந்தது. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து தொட்டுப் பார்த்தார். "நேத்துதான் செத்திருக்கு" என்றார். நேற்று! படம் வந்த அன்றைக்கு அவர் வந்திருந்தால் இரண்டும் உயிரோடு கிடைத்திருக்கும். தாய் வந்துவிட்டது என்று நான் போனில் சொன்ன குரல் என் காதிலேயே கேட்டது. தம்பி பாறையின் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

மூத்தது உள்ளே இருந்தது. டார்ச் அடித்தால் இரண்டு கண் பளிச்சென்றது, ஒரு சீறல் கேட்டது. அந்தச் சந்தில் கை போகாது, கம்பு போகாது. பால் புட்டியை நீட்டிப் பார்த்தோம், இறைச்சித் துண்டைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் வாடை பட்டதும் இன்னும் உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

"நாம கூப்பிட்டா வராது. இன்னிக்கு ராத்திரி தாங்காது" என்றார் டாக்டரம்மா. "தாய் கூப்பிட்டாத்தான் வரும்."

தம்பி சாக்கைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வேணாண்டா" என்றேன். அதற்குள் அவன் சாக்கை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். உப்பும் அழுகலும் கலந்த வீச்சம் முகத்தில் அறைந்தது. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவன் செருப்பைக் கழற்றினான். தோலை முதுகில் போட்டு, இரு பக்கமும் இழுத்துவிட்டு, நாலு காலில் இறங்கினான். மூன்று வட்டமும் என் கண் முன்னால் போயின. வாழ்நாளெல்லாம் நேரில் பார்க்க ஆசைப்பட்ட விலாவை இந்த லட்சணத்தில் பார்க்கவேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது. தோளைத் தாழ்த்தி, ஆடாமல், அவள் போகிற மாதிரியே இடுக்கின் வாசல் வரை போய்ப் படுத்துக்கொண்டான்.

நாங்கள் பாறைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முதலில் மூக்கு மட்டும் வெளியே வந்தது. பிறகு தலை. மூத்தது தள்ளாடித் தள்ளாடி வந்தது, செத்துக் கிடந்த சின்னதைத் தாண்டி வந்தது. தோலை முகர்ந்தது. சட்டென்று அதன் அடியில் நுழைந்து, வயிற்றுப் பக்கம் மோதி மோதித் தேடி, காய்ந்த தோலை வாயில் கவ்விச் சப்ப ஆரம்பித்தது. டாக்டரம்மா ஊர்ந்து போய்ப் பால் புட்டியை அந்த வாய்க்கு அருகே நுழைத்தார். ஒரு நிமிஷம் சீறியது. அப்புறம் சப்புகிற சத்தம் மாறியது. குடிக்கிறது.

தோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அக்கா, பிடிச்சுடவா?"

"இருடா. குடிச்சு முடிக்கட்டும். இந்தத் தடவையாவது அசையாம கிட."

அசையவில்லை. அவன் முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த குட்டி அவன் மார்பிலேயே தூங்கிப்போக, டாக்டரம்மா அதைத் துணியில் சுற்றிக் கூண்டில் வைத்தார். சின்னதையும் ஒரு துணியில் எடுத்துக்கொண்டார். எதிர்க் கேமராவைத் திறந்து அதன் கார்டைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். முன்பு எடுத்த படங்கள் இருந்த கார்டை நான் ஏற்கெனவே அவரிடம் கொடுத்திருந்தேன்.

"அந்தக் கேமரா?" என்று மற்றதைக் காட்டிக் கேட்டார்.

"அது இருக்கட்டும் மேடம். அதோட கார்டு பெரிய சார் மேஜைக்குத்தான் முதல்ல போகணும். உத்தரவு."

இத்தனை வருஷத்தில் யார் யாரையோ படத்தில் பார்த்திருக்கிறேன், நான் ஒரு கேமராவுக்கு முன்னால் போனதில்லை. அன்று போனேன். முட்டி போட்டு, முகத்தை லென்ஸுக்கு நேரே கொண்டுபோனேன். சிவப்பு விளக்கு மினுக்கியது. தொண்டை வரை நின்றதையெல்லாம் சேர்த்துக் காறித் துப்பினேன். கண்ணாடியில் வழிந்தது, துடைக்கவில்லை. கார்டை மட்டும் எடுத்து உறையில் போட்டு, மறுநாள் காலை அவர் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.